பேக்பைப் மேடையேறும்போது கிட்டார் என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: ராக் குழுக்களின் நேரடி நிகழ்ச்சிகளில் நடுவில் திடீரென்று ஒரு பேக்பைப் வந்து நிற்கிறது. அதுதான் அன்றைய இரவின் உச்சம் என்று ரசிகர்களில் ஒரு பாதி சொல்கிறது. அது வெறும் வேடிக்கை, கிட்டாரை அமுக்கிவிடுகிறது, பாதி நேரம் முன்பே பதிவு செய்த ஒலியைத்தான் ஓட்டுகிறார்கள் என்று இன்னொரு பாதி சொல்கிறது. யார் சொல்வது சரி?

நான் பல வருடங்களாக மேடை ஒலிக்கலவை செய்கிறேன். பேக்பைப் வாசிப்பவரோடு சேர்ந்த ராக் குழுக்களுக்கும் மிக்ஸிங் செய்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டையில் எல்லோரும் அந்த விசித்திர வாத்தியத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது மற்றவர்களை. அது உள்ளே வந்ததும் கிட்டார் எங்கே விலகியது, பேஸ் கிட்டார் என்ன செய்தது, டிரம்மர் எதை விட்டுக்கொடுத்தார்? யாரும் எதையும் மாற்றவில்லை என்றால் அது வேடிக்கைதான். மாற்றியிருந்தால் அந்தக் குழுவுக்கு ஒரு புது உறுப்பு முளைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைப் புரிந்துகொள்ள அந்த வாத்தியத்தின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ராக் மேடைகளில் நாம் பெரும்பாலும் பார்ப்பது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப். வாயால் ஊதும் காற்று நேராகக் குழலுக்குப் போகாது, கக்கத்தில் இடுக்கிய பைக்குப் போகும். கை அந்தப் பையை ஒரே சீரான அழுத்தத்தில் அமுக்கிக்கொண்டே இருக்கும். பையிலிருந்து நான்கு குழல்களுக்குக் காற்று போகிறது. ஒன்று விரல்கள் ஓடும் வாசிப்புக் குழல். அதில் இரட்டை நாணல் சீவாளி. மற்ற மூன்றும் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு, விடாமல் ஒரே ஸ்வரத்தை ஒலிக்கும் ஒத்துக் குழல்கள். அவற்றில் இரண்டு வாசிப்புக் குழலின் ஆதார ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழேயும், மூன்றாவது இரண்டு ஸ்தாயி கீழேயும் நிற்கும். வாசிப்புக் குழலில் மொத்தமே ஒன்பது ஸ்வரங்கள்தான். ஆதாரத்திலிருந்து மேல் ஸ்தாயி ஆதாரம் வரை, அதோடு ஆதாரத்துக்குக் கீழே ஒன்று. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள்.

இந்த அமைப்பால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, வாசிப்பவரால் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அழுத்தத்தைக் குறைத்தால் சத்தம் குறைவதற்கு முன்னால் சுருதி கெட்டுவிடும், அப்புறம் சீவாளி பேசாமல் போய்விடும். இரண்டாவது இன்னும் முக்கியம்: அதற்கு மௌனம் கிடையாது. பையில் காற்று இருக்கும்வரை ஏதோ ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமானால்கூட நடுவில் நிறுத்த வழியில்லை. ஒரு நொடியின் சிறு துணுக்குக்கு வேறொரு விரலைத் தூக்கி, குட்டி ஸ்வரம் ஒன்றால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும். பேக்பைப் இசையில் கேட்கும் அந்தப் படபடப்பான அலங்காரங்கள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல, அந்த இடத்தில் வேறு வழியே இல்லை.

இப்போது ராக் பக்கம் வாருங்கள். ஒரு நல்ல ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கின்) பலம் எங்கே இருக்கிறது? பாதி அதன் இடைவெளியில். கிட்டார் ஒரு அடி அடித்து, நரம்புகளைக் கையால் அமுக்கி நிறுத்துகிறது. அந்த வெற்றிடத்தில் ஸ்நேர் டிரம் விழுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடக்கூடிய வாத்தியம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் ரிஃப் தன் பல்லை இழக்கிறது. "கிட்டாரை அமுக்கிவிட்டது" என்று சொல்கிற ரசிகர் பெரும்பாலும் இதைத்தான் கேட்டிருக்கிறார். அவர் சத்தத்தைக் குறை சொல்வதாக நினைக்கிறார், உண்மையில் காணாமல் போனது மௌனம். அவர் காதில் குறை இல்லை.

அடுத்தது சுருதி. பேக்பைப் வாசிப்பவர்கள் தங்கள் ஆதார ஸ்வரத்தை 'ஏ' என்றுதான் எழுதுவார்கள். ஆனால் கிட்டாரின் 'ஏ' 440 ஹெர்ட்ஸ் கணக்கில் வைக்கப்பட்டது. இன்றைய ஹைலேண்ட் பேக்பைப்பின் 'ஏ' சுமார் 470 முதல் 480 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும். அதாவது கிட்டாரின் பி ஃப்ளாட்டைவிடவும் (அது 466) கொஞ்சம் மேலே. கிட்டார்காரர் வழக்கம்போலச் சுருதி சேர்த்துக்கொண்டு வந்து 'ஏ' வாசித்தால் அரை ஸ்வரத்துக்கும் மேல் விலகி நிற்பார், பி ஃப்ளாட் வாசித்தாலும் ஒட்டாது. ஒன்று, எல்லா நரம்பு வாத்தியங்களும் பேக்பைப்பின் சுருதிக்கு வர வேண்டும், அல்லது 466-க்கென்றே செய்யப்பட்ட வாசிப்புக் குழலைக் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்ட குழல்கள் கிடைக்கின்றன, மற்ற வாத்தியங்களோடு வாசிப்பவர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதோடும் முடியாது. மேடை விளக்குகளின் சூட்டில் காற்று வாத்தியத்தின் சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் மூன்று சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம் (அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). பத்து டிகிரி வித்தியாசம் வந்தால் முப்பது சென்ட், அது எந்தக் காதுக்கும் தெரியும். அதே சூட்டில் கிட்டார் நரம்பு விரிந்து, தளர்ந்து, சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஊதுபவரின் மூச்சு ஈரம் சீவாளியில் ஏற ஏற அதன் குணமும் மாறுகிறது. சவுண்ட் செக்கில் பொருந்தியது நிகழ்ச்சியில் பொருந்தாமல் போவதற்கு யாருடைய கவனக்குறைவும் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இது எப்படி வேலை செய்கிறது என்றே நீங்கள் கேட்கலாம். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. பேக்பைப்பின் ஸ்வரங்கள் கிட்டார், பியானோ போல சம இடைவெளியில் வைக்கப்பட்டவை அல்ல. ஒத்தோடு ஒட்டி நிற்கும்படி இயற்கையான விகிதங்களில் வைக்கப்பட்டவை. அதனால் அதன் காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிடச் சுமார் பதினான்கு சென்ட் கீழே இருக்கும். பியானோவோ, முழு கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அடியில்) வாசிக்கும் கிட்டாரோ பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் உரசும், புளிப்பு தட்டும். ஆனால் டிஸ்டார்ஷன் போட்ட (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிய) ராக் கிட்டார் பெரும்பாலும் என்ன வாசிக்கிறது? பவர் கார்டு. ஆதாரமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரமே கிடையாது. பஞ்சமமோ இரண்டு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றே, வித்தியாசம் வெறும் இரண்டு சென்ட். உரச வேண்டிய ஸ்வரத்தை ராக் கிட்டார் ஏற்கெனவே விட்டுவைத்திருக்கிறது. பேக்பைப் வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. டிஸ்டார்ஷன் கிட்டாரின் சத்த ஏற்ற இறக்கத்தை நசுக்கிவிடுகிறது. மெதுவாக மீட்டினாலும் வேகமாக மீட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நீண்டு ஒலிக்கிறது. பேக்பைப்பின் குணமும் அதுதான். மென்மையான அக்கூஸ்டிக் கிட்டாரோடு பேக்பைப்பைச் சேர்ப்பதைவிட, உறுமும் கிட்டாரோடு சேர்ப்பது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது. கேட்பவர்கள் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். முரட்டு வாத்தியத்துக்கு முரட்டு வாத்தியமே துணை.

ஒரு ரிஹர்சலைச் சொல்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழு, ஒரே ஒரு பாட்டுக்காகப் பேக்பைப் வாசிக்கும் பெண்மணி ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் வந்ததும் உள்ளே வரவில்லை. நடைபாதையில் நின்று கால் மணி நேரம் தனியாக ஊதிக்கொண்டிருந்தார். சீவாளி சூடேறி ஈரம் பிடித்து ஒரு நிலைக்கு வரும்வரை சுருதி சேர்ப்பதில் அர்த்தமில்லை என்றார். அப்புறம் ஒத்துக் குழல்களின் மூட்டுப் பகுதியை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார். இரண்டு குழல்களுக்கு நடுவே 'வ்வா வ்வா' என்று ஒரு அலை கேட்டது, அது மெதுவாக நீண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. மூன்று குழல்களும் ஒரே குரலாகிவிட்டன. அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்த கிட்டார்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

பிரச்சினை அப்புறம்தான் ஆரம்பித்தது. பாடகரின் மைக் பேக்பைப் வாசிப்பவரிடமிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது. பாடகர் வாயைத் திறக்காதபோதும் அந்த மைக்கில் ஒத்து மட்டும் தெளிவாக வந்துகொண்டிருந்தது. பேக்பைப்பில் சத்தம் ஒரு வாயிலிருந்து வருவதில்லை. விரல் துளைகளிலிருந்து முன்பக்கம் வருகிறது, ஒத்துக் குழல்களின் நுனியிலிருந்து தலைக்கு மேலே வருகிறது. அருகில் நின்றால் நூறு டெசிபலைத் தாண்டும். நான் துளைகளுக்கு ஒரு மைக், ஒத்துக்கு ஒரு மைக் என்று இரண்டு வைத்தேன், அவரை டிரம்ஸுக்குப் பக்கவாட்டில், பாடகரின் மைக்குக்கு முதுகு காட்டும்படி நிறுத்தினேன். கடைசியில் துளை மைக்கை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தேன். அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. ஒத்துக்குத்தான் தேவைப்பட்டது.

சரி, ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவுக்கு வருவோம். இந்த வாக்குவாதம் எங்கே நடந்தாலும் அவர்கள் பெயர் வராமல் இருக்காது. 1975 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த அவர்களுடைய 'டி.என்.டி.' ஆல்பத்தின் முதல் பாட்டில்தான் பேக்பைப் வருகிறது. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜார்ஜ் யங், கிட்டார் வாசித்த மால்கம், ஆங்கஸ் இருவருக்கும் அண்ணன். பாடகர் பான் ஸ்காட் சிறுவயதில் பைப் பேண்டில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். பான் ஸ்காட் அந்தப் பேண்டில் வாசித்தது டிரம். பேக்பைப்பை இந்தப் பாட்டுக்காகவே புதிதாகக் கற்றுக்கொண்டார். 1976 பிப்ரவரியில் மெல்போர்னின் ஸ்வான்ஸ்டன் தெருவில் ஒரு லாரியின் மேல் நின்று வாசித்தபடியே அதற்கு வீடியோ எடுத்தார்கள். அந்தப் படம்தான் எல்லோர் மனதிலும் நிற்கிறது.

அந்தப் பாட்டை இன்னொரு முறை கேளுங்கள், பேக்பைப்பை விட்டுவிட்டு கிட்டாரைக் கேளுங்கள். நடுப்பகுதியில் பேக்பைப் ஒரு வரி சொல்கிறது, கிட்டார் ஒரு வரி திருப்பிச் சொல்கிறது. இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். கீழே ரிஃப் ஒரே ஆதாரத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, கார்டுகள் அங்கும் இங்கும் ஓடுவதில்லை. ஒத்து ஒரே ஸ்வரத்தில் நிற்கும் வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான தரை கிடையாது. இடைவெளியை ஆயுதமாகப் பயன்படுத்தும் குழு, இடைவெளியே இல்லாத வாத்தியத்தை உள்ளே விட்டு, தன் இடைவெளியை வாக்கியங்களுக்கு நடுவே நகர்த்திக்கொண்டது. நான் முதலில் சொன்ன விலகல் என்பது இதுதான்.

மேடையில் அது நீடித்ததா என்றால், இல்லை. ஆரம்பத்தில் பான் ஸ்காட் மேடையிலும் ஊதினார். 1976-லேயே அந்த வாத்தியம் நிகழ்ச்சி ஒன்றில் கூட்டத்தின் கையில் சிக்கி நாசமானது. பிறகு பதிவை ஓட்டினார்கள், அல்லது ஆங்கஸ் அந்த இடத்தைக் கிட்டாரில் நீட்டி வாசித்தார். 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் இறந்தார். அவருக்குப் பின் வந்த பிரையன் ஜான்சன், பான் ஸ்காட்டின் மேலுள்ள மரியாதையால் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை. "அவர்களே பதிவைத்தானே ஓட்டினார்கள்" என்று வாதிடுபவர்கள் சொல்வது பாதி உண்மை. ஆனால் ஆங்கஸ் கிட்டாரில் வாசித்ததை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. பாட்டின் எலும்பே பேக்பைப்புக்காக அமைக்கப்பட்டது, அதனால் அது இல்லாதபோதும் அதன் வடிவம் தெரிகிறது.

கார்ன் குழுவின் ஜோனதன் டேவிஸ் வேறு வகை. அவர் பள்ளிப் பருவத்திலேயே முறையாகக் கற்றவர். 1994-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே பேக்பைப் அவரோடு வருகிறது. அவர் மேடையில் செய்யும் காரியம் எளிமையானது, ஆனால் மிகச் சரியானது: முதலில் தனியாக ஊதுவார். குழு அமைதியாக இருக்கும். அந்த ஒத்து அரங்கத்தை நிரப்பிய பிறகுதான் தாழ்ந்த சுருதிக் கிட்டார்கள் இடிபோல விழும். அந்தச் சில நிமிடங்களுக்கு மற்ற நால்வரும் கொடுப்பது முழு மேடையை. டிராப்கிக் மர்ஃபீஸ் போன்ற குழுக்களில் இந்தச் சண்டையே எழுவதில்லை. அங்கே பேக்பைப் வாசிப்பவர் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். பாட்டுகள் பலவும் அவரைக் கணக்கில் வைத்தே எழுதப்படுகின்றன.

இதே அளவுகோலை வேறு வாத்தியங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். ரசிகர்கள் அதிகம் அடித்துக்கொள்வது பேக்பைப்புக்காகக் கிடையாது என்று நினைக்கிறேன், ஒரு ஜாடிக்காக. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினிலிருந்து வந்த தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவில் டாமி ஹால் என்பவர் மின்ஜாடி வாசித்தார். பழைய ஜாடிக் குழுக்களில் வாயை விளிம்பில் வைத்து ஊதுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. வாயால் வேகமான ஒலிகளை எழுப்பி, ஜாடியை எதிரொலிக்கும் அறையாக வைத்துக்கொண்டு, மைக்கை அதன் வாய்ப் பக்கத்தில் பிடித்தார். 1966-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் அந்தக் குடுகுடு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நீக்கிவிட்டுக் கேட்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கூட்டம், அது இல்லாவிட்டால் அந்தக் குழுவே இல்லை என்று ஒரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். ஆனால் என் அளவுகோலில் ஜாடிக்கு முழு மதிப்பெண் தர முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதற்காக அதிகம் விலகவில்லை. அது எல்லோர் மேலும் ஒரு படலம்போலப் படர்ந்து கிடக்கிறது. அதன் மயக்கமும் அதிலிருந்தே வருகிறது, எரிச்சலும் அதிலிருந்தே வருகிறது. இரண்டு கூட்டமும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன.

புல்லாங்குழல் கதை நேர் எதிர். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் முதலில் கிட்டார் வாசித்தவர். எரிக் கிளாப்டனைக் கேட்ட பிறகு அந்த உயரத்துக்குத் தன்னால் போக முடியாது என்று முடிவு செய்து புல்லாங்குழலுக்கு மாறினார். தானாகவே கற்றார். விரல் வைப்பு தவறு என்பதைப் பல வருடங்கள் கழித்து, மகள் பள்ளியில் புல்லாங்குழல் கற்கும்போது தெரிந்துகொண்டு திருத்திக்கொண்டார். அவர் குழலுக்குள்ளேயே குரல் கொடுத்துக்கொண்டு ஊதும் முறை, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கிர்க்கிடமிருந்து வந்தது. குரலும் காற்றும் கலந்து கரகரவென்று வரும் அந்தச் சத்தம், டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரின் உறவுக்காரன். மென்மையான குழலை அவர் அப்படித்தான் ராக் மேடைக்குத் தகுந்ததாக்கினார். பாட்டு வரிகளைப் பாடுவதும் ஊதுவதும் ஒரே வாய், ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது. அதனால் குழல் எப்போதும் பாட்டு வரிகளின் இடைவெளியில் வந்து பதில் சொல்கிறது. இட ஒதுக்கீடு உடம்பிலேயே அமைந்துவிட்டது.

1989-இல் ஹார்ட் ராக், மெட்டல் பிரிவுக்கு முதன்முறையாகக் கிராமி விருது கொடுத்தபோது, எல்லோரும் மெட்டாலிகாவை எதிர்பார்த்திருக்க, ஜெத்ரோ டல் வென்றது. விருது வாங்கக் குழுவில் யாரும் அரங்கில் இல்லை. கூட்டத்தில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அடுத்த வருடமே அந்தப் பிரிவை இரண்டாகப் பிரித்தார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்றே நானும் நினைக்கிறேன். மெட்டல் விருது மெட்டல் குழுவுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அதன் பழி முழுவதையும் புல்லாங்குழல் சுமந்தது. ராக்கில் புல்லாங்குழலா என்று அன்றிலிருந்து கேலி செய்பவர்கள், அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே அந்தக் குழல் ராக் மேடைகளை ஆட்டிவைத்ததைக் கேட்காமலே பேசுகிறார்கள்.

பதிவை ஓட்டுவது பற்றியும் கேட்டிருந்தார்கள். இதில் தி ஹூ குழுவின் அனுபவம் ஒரு நல்ல பாடம். 1971-இல் வந்த 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு, திரும்பத் திரும்பச் சுழலும் ஒரு ஆர்கன் ஒலியில் தொடங்கி வயலினில் முடிகிறது. வயலின் சேர்க்கலாம் என்பது டிரம்மர் கீத் மூனின் யோசனை. வாசித்தவர் வேறொரு குழுவின் டேவ் ஆர்பஸ். மேடையில் அந்தச் சுழலும் ஒலிக்குப் பதிவு நாடாவை ஓட்டினார்கள். தாளம் தவறாமலிருக்க மூன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தார். வயலின் இடத்துக்குப் பதிவை ஓட்டவில்லை. பாடகர் ரோஜர் டால்ட்ரி ஹார்மோனிகாவை எடுத்துக்கொண்டார். பல வருடங்கள் கழித்து, 2019 சுற்றுப்பயணத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு வந்தபோது, கேட்டி ஜகோபி அந்த வயலினை மேடையில் நேரடியாக வாசித்தார்.

எது உசத்தி என்று ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு ஹார்மோனிகாதான். வயலின் அந்தப் பாட்டின் முடிவில் உயரப் பறந்து போகிறது, கீழே உள்ளவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஹார்மோனிகா மூச்சு வாங்குகிறது. வேகம் கூடக் கூட அந்த மூச்சிரைப்பே தாளமாகிறது, மூனின் டிரம்ஸ் அதைத் துரத்துகிறது. மேடையில் எனக்கு அந்தத் துரத்தல்தான் வேண்டும். மாறாத இயந்திரச் சுழற்சியைப் பதிவுக்கு விட்டுவிட்டு, மூச்சு விடும் பகுதியை மனிதரிடம் கொடுத்தார்கள். எதை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பேக்பைப்பை ஓட்டுவது எனக்கு ஏன் பிடிக்காது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. பதிவிலுள்ள பேக்பைப் மேடையின் சூட்டில் சுருதி ஏறாது, ஆனால் டிரம்மர் கொஞ்சம் வேகமெடுத்தால் அவரோடு சேர்ந்து வராது.

நிஜமாக ஊதுகிறார்களா என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. விரல்களைப் பார்க்காதீர்கள், முழங்கையைப் பாருங்கள். தொடக்கத்தில் வாசிப்பவர் பையை ஒரு தட்டு தட்டுவார். ஒத்து முதலில் பிடிக்கும், வாசிப்புக் குழல் அதற்குப் பின் பேசும். பாட்டுச் சரியாக முதல் ஸ்வரத்திலேயே சுத்தமாகத் தொடங்கினால் கொஞ்சம் சந்தேகப்படலாம். முடிவையும் கவனியுங்கள். பையில் மிச்சமிருக்கும் காற்று ஒரு முனகலாக வழியும். தேர்ந்தவர்கள் கையை ஒரே வீச்சில் எடுத்து அதை வெட்டுவார்கள், அனுபவமுள்ள டிரம்மர் அதே கணத்தில் சிம்பலை அடித்து மிச்சத்தை மூடுவார். இப்போது மின்னணு வாசிப்புக் குழல்களும் வந்துவிட்டன. பை இருக்காது, ஒத்துக் குழல் இருக்காது, சுருதியை ஒரு பொத்தானில் மாற்றலாம். அது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன், விரல்கள் நிஜமாகவே வாசிக்கின்றன. ஆனால் மேடையில் அந்தக் காற்றின் அதிர்வு வராது.

கைபேசியில் எடுத்த வீடியோவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்றும் ஒரு வேண்டுகோள். மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையாகக் கேட்கும், பேக்பைப்பின் வாசிப்புக் குழலுக்கு அந்தப் பகுதியில் அபாரமான பலம். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியும் அந்தப் பகுதியைத்தான் நன்றாகக் கொடுக்கும். கீழ்ச் சத்தம் அதில் ஏறக்குறைய காணாமல் போகும். போதாததற்கு, அதிக சத்தம் வந்தால் கைபேசி தானாகவே மொத்த அளவையும் அமுக்கும். பேஸ் இல்லை, ஒத்தின் கீழ்ப்பகுதி இல்லை, கிட்டார் பின்னால் எங்கோ, குழல் மட்டும் காதைக் கிழிக்கிறது. அரங்கில் நின்றவருக்கு அப்படி இருந்திருக்காது. அரங்கில் இருந்தவரும் வீடியோ பார்த்தவரும் வாதிடும்போது, அவர்கள் கேட்டது ஒரே நிகழ்ச்சியே அல்ல.

அந்த ரிஹர்சல் எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. முதல் மூன்று முயற்சிகளும் குழப்பமாகவே இருந்தன. கிட்டார்காரர் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைக் கூட்டினார், டிரம்மர் இன்னும் பலமாக அடித்தார், பேக்பைப் அசையவில்லை, அதற்கு அசையவும் தெரியாது. நான்காவது முறைக்கு முன்னால் பேஸ் வாசிக்கும் பையன், "அக்கா, உங்க ஒத்துல அடியில கேக்குதே, அது என்ன ஸ்வரம்?" என்று கேட்டான். அவர் சொன்னார். அவன் தன் பேஸில் அந்த ஸ்வரத்தைத் தேடினான், அது ஏற்கெனவே அவன் வாசித்துக்கொண்டிருந்ததுதான். அப்போது அவன், "அப்படின்னா இந்த எட்டு தாளத்துக்கு நான் வாசிக்கவே வேண்டாம்" என்றான்.

நான்காவது முறை பேஸ் நின்றது. கிட்டார் கார்டு அடிப்பதை விட்டுவிட்டு, இரண்டு தாளத்துக்கு ஒரு முறை மட்டும் ஒரு அடி அடித்தது. டிரம்மர் சிம்பல்களிலிருந்து கையை எடுத்து, தரை டாம் என்ற பெரிய டிரம்மில் மட்டும் நடந்தார். அந்த எட்டு தாளத்தில் ஒத்துதான் பேஸாக இருந்தது. ஒன்பதாவது தாளத்தில் பையன் உள்ளே வந்தபோது அறைக் கதவு அதிர்ந்தது. நான் துளை மைக்கைச் சுத்தமாக அணைத்துவிட்டு, ஒத்து மைக்கைக் கொஞ்சம் ஏற்றினேன்.